பதினாறாம் லூயியும் அக்கினிச் சட்டியும்

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் எங்கள் வீட்டு ஆட்கள் நான்கு பேர் இருந்தோம். அம்மா, நான், அம்மாவின் மடியில் நாலு வயதுத் தங்கச்சி, துணைக்கு வந்த சித்தப்பா. அப்பா இல்லை. அவர் மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலையாக இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கி வருவார். அம்மாவோடு தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் என்னையும் தங்கச்சியையும் கம்பத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். எல்லோரும் கைவிரித்துவிட்டதால், அம்மாவின் பரீட்சைக்கு நாங்களும் தேனிக்குப் புறப்பட்டிருந்தோம்.

எங்கள் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூடத்தை நடுவில் விடாமல் நேராகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். ஆனால் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அம்மாவைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினாள். நான் நடக்கத் தொடங்கியபோது தபால் வழியில் பி.ஏ. வரலாற்றுக்குப் பணம் கட்டினாள். பகலெல்லாம் தோட்டத்தில் காய் எடுப்பது, வந்து சமைப்பது, எங்களைக் குளிப்பாட்டுவது, எனக்கு வாய்ப்பாடு கேட்பது என்று போக, மிச்சம் இருந்த நேரத்தில் படித்தாள். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கம்பத்தில் விடியும்போதே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலைச்சாலையில் ஏறிவிடும். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர். கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைப் பார்த்தால் குமட்டும். அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பாடத்தைப் படித்துவிடுவாள். ஜீப் ஏறியதும் அதைக் கதையாகச் சொல்லுவாள். சாயங்காலம் இறங்கும்போது அந்தப் பெண்கள் அதையே அவளுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் விட்டதை அவர்கள் பிடிப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கெல்லாம் ஐரோப்பாவின் சண்டைகள் பக்கத்துத் தெருச் சண்டை மாதிரி அத்துப்படி ஆகியிருந்தன. தோட்டத்துச் சூப்பர்வைசருக்குப் பதினாறாம் லூயி என்று பெயர் வைத்திருந்தார்கள். தூரத்தில் அவர் தலை தெரிந்தால், "ஏடி, லூயி வாரான்" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். பேச்சு நின்று கை மட்டும் ஓடும். அவர் மலையாளி. ஏதோ தமிழ்ச் சாமியின் பெயர் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாராம்.

அம்மாவை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காலேஜு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மற்றப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டாள். ஐரோப்பிய வரலாறு மட்டும் நின்றுகொண்டிருந்தது. முதல் தடவை அது வந்தது தங்கச்சி பிறந்த வாரத்தில். இன்னொரு தடவை எனக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்த தடவை எழுதினாள். மூன்று மார்க்கில் போய்விட்டது. இந்தத் தடவைதான் கடைசி, இதற்கு மேல் பதிவு செல்லாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தேர்வு நாளோ, தேனிக்குப் போகும் வழியில் இருக்கும் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வாரத்தில் வந்து விழுந்தது. அம்மா ஜீப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் பிள்ளைகளை ஒரு பொழுது பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் அன்றைக்கு ஏதோ வேலை. அவர்களில் மூத்தவள், நாங்கள் ஜீப்புப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு சோலி இருக்குடி காலேஜு, கேக்காத" என்று சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு வீட்டில் அம்மா முருங்கைக்காயை நறுக்கிய சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கடைசியில் அகப்பட்டவர் சித்தப்பா. அவர் உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிறவர். எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனால் அரசாங்கம் யாருக்கு எதைக் கொடுக்கிறது, அதற்கு எந்தக் காகிதத்தை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். வந்தவர் சின்னமனூர் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மதினி, நான் சொல்றேன்னு வருத்தப்படாதீக. வீட்டுல ஒருத்தரும் டிகிரி வாங்காம இருந்தாத்தான் பயலுக்கு முதல் பட்டதாரின்னு சர்டிபிகேட் தருவாக. நாளைக்கு அவன் இன்ஜினியரிங் போனா ஃபீஸுல தள்ளுபடி உண்டு. நீங்க இன்னைக்கு இதை எழுதித் தேறிட்டீகன்னா அது போச்சு."

"அவன் இப்பத்தான் நாலாப்பு, கொழுந்தனாரே."

"வருசம் ஓடிரும்ல. உங்களுக்கு இனிமே என்ன கலெக்டர் உத்தியோகமா வரப்போகுது?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பேச்சு அவளைத் தொடாமல் போகவில்லை என்பது அவள் தங்கச்சியின் தலையை ஒரே இடத்தில் தடவிக்கொண்டே இருந்ததில் தெரிந்தது. எனக்கோ அந்தச் சர்டிபிகேட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குப் பள்ளியில் ஓரத்தில் பூப்போட்ட அட்டை ஒன்று கொடுப்பார்கள். அந்த மாதிரி ஒன்று எனக்கு வரவிருக்கிறது, அம்மா பரீட்சை எழுதினால் வராது என்ற மட்டில் புரிந்துகொண்டேன்.

வீரபாண்டிக்கு முன்னால் பஸ் நின்றது. நின்றதும் எஞ்சினையும் அணைத்துவிட்டார்கள். கண்டக்டர் வந்து, இதற்கு மேல் வண்டி போகாது, கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், திருப்பிச் சுற்றுப் பாதையில்தான் போகவேண்டும், தேனி போய்ச் சேரப் பதினொன்று ஆகும் என்றார். அப்போது ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருந்தது. பரீட்சை பத்து மணிக்கு. பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

"பாத்தீகளா மதினி, ஆத்தாளே மறிக்கிறா" என்றார் சித்தப்பா. சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் சொன்னார். இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ராட்டினம் காட்டிவிட்டுப் போகலாம் என்றார். ராட்டினம் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அம்மா இறங்கினாள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். ஊருக்குள் நடந்து கடந்துவிட்டால் அந்தப் பக்கம் தேனிக்குப் போக வண்டி கிடைக்கும் என்பது அவள் கணக்கு. ஊர் முகப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். தீச்சட்டி எடுக்கிறவர்கள், நேர்த்திக்குப் பானை எடுக்கிறவர்கள், அவர்களோடு வருகிறவர்களுக்குத்தான் இந்த வழி, மற்றவர்கள் ஆற்றோரமாக வரிசையில் போகவேண்டும் என்று போலீஸ்காரர் கையைக் காட்டினார். அந்த வரிசையின் முனை தெரியவில்லை. அது நகர்ந்ததாகவும் தெரியவில்லை. அம்மா ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். அவர் பாவம், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏதாவது ஒரு அவசரத்தோடுதான் வந்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. ஆனால் எந்நேரமும் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கிற கை அந்தக் கயிற்றில் சும்மா கிடந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து கொட்டுச் சத்தம் வந்தது. மஞ்சள் சேலை, ஈரத்தலை, கழுத்தில் வேப்பிலை மாலையோடு ஒரு கூட்டம். நடுவில் கையில் தீ எரியும் சட்டியோடு ஜீப்புப் பெரியம்மா. அவளைச் சுற்றி, அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொன்ன அத்தனை பெண்களும்.

அம்மாவைப் பார்த்ததும் குலவை பாதியில் நின்றது.

"நீங்க எல்லாரும் இங்கன என்ன பண்றீக?" என்றாள் அம்மா.

பெரியம்மா, திருடி அகப்பட்ட மாதிரி, "ஒனக்குத்தான்டி நேந்தது. நீ இந்தத் தடவையாச்சும் தேறணும்னு" என்றாள்.

"தேறின பெறகு எடுக்கலாம்னா திருநாள் அடுத்த வருசமில்ல வருது? அதான் அட்வான்ஸா எடுத்துட்டோம்" என்றாள் இன்னொருத்தி.

"இன்னைக்குத்தான் பரீட்சைன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் இன்னைக்கு எடுத்தோம். நீ அங்கன எழுத, நாங்க இங்கன நடக்கன்னு."

அம்மா சிரித்தாளா, மூச்சு முட்டியதா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் போட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இழுத்துக்கொண்டு வந்ததையும், பஸ் நின்றதையும், ஊரைக் கடக்க வழியில்லாமல் நிற்பதையும் சொன்னாள். பெரியம்மா கயிற்றைப் பார்த்தாள், போலீஸ்காரரைப் பார்த்தாள், கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள்.

"இந்தா, பிடி."

கூட்டத்தில் ஒருத்தி பதறிப்போனாள். காப்புக் கட்டாத கை, விரதம் இல்லாத உடம்பு, சாமி குத்தம் ஆகிப்போகும் என்றாள். பெரியம்மா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நேந்தது யாருக்கு? இவளுக்கு. ஆத்தா கேட்டா நான் சொல்லிக்கிறேன். விரதந்தான, காலையில என்னடி சாப்பிட்ட?"

"ஒன்னும் எறங்கல."

"பெறகென்ன."

சித்தப்பா அம்மாவின் காதருகே குனிந்து, யோசித்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா தங்கச்சியைக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தங்கச்சியை நான் பார்த்துக்கொள்வேனா என்று கேட்கிறாள் என்று நினைத்து, பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன். அவள் இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாக வேப்பிலையை வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றினார்கள். ஒருத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையோடு ஊற்றப் போனாள். ஹால் டிக்கெட் நனைந்துவிடும் என்று மற்றவர்கள் கத்தியதால் காலோடு ஊற்றினாள். கயிறு தூக்கப்பட்டது.

சித்தப்பாவை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். அதுவரை ஆத்தா மறிக்கிறாள் என்றவர், தங்கச்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய், "வழி விடுங்க, சட்டி வருது, வழி விடுங்க" என்று தாலுகா ஆபீஸ் டவாலி தோற்றுப்போகிற குரலில் கத்தத் தொடங்கினார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. தீ அம்மாவின் முகத்துக்கு நேராக எரிந்தது. பெரியம்மா பக்கத்திலேயே வேப்பிலையால் விசிறிக்கொண்டு வந்தாள்.

"லூயி கதையச் சொல்லிக்கிட்டே வா. பராக்குப் பாத்து மறந்துறாத" என்றாள்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். விளைச்சல் இல்லை. ரொட்டி விலை ஏறிப்போனது. ஏழைகளுக்கு வரிக்கு மேல் வரி. பிரபுக்களுக்கு வரியே இல்லை. "கஜானா காலி, அத விட்டுட்ட" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கஜானா காலி என்று சேர்த்துக்கொண்டாள். கொட்டுச் சத்தத்தில் அது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது. மற்றவர்களுக்கு, கண் நிலைகுத்தி, உதடு மட்டும் அசைந்துகொண்டு வருகிற ஒரு சாமியாடிதான் தெரிந்திருப்பாள். ஒரு பெரியவர் வழியில் விழுந்து கும்பிட்டுவிட்டு, "ஆத்தா, எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?" என்று கேட்டார்.

அம்மா நடையை நிறுத்தாமல், "ஆயிரத்து எழுநூத்து எண்பத்தொம்பது" என்றாள்.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோயில் வாசலில் பெரியம்மா சட்டியை வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓடு என்றாள். ஓடினோம். ஊரின் தேனிப் பக்க எல்லையில் ஆளை இறக்கிவிட்டுத் தேனிக்கு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த திருவிழா ஸ்பெஷல் பஸ்ஸில் நாங்கள் நான்கு பேரும்தான். தேனியில் ஆட்டோ. பரீட்சை நடக்கும் கல்லூரி வாசலில் மணி பத்து இருபத்து நாலு.

வாசல் அறையில் ஒரு டீச்சர் அம்மா இருந்தார்கள். முழங்கால்வரை மஞ்சள் தண்ணீர், நெற்றியில் கரி, தலையில் வேப்பிலை, உடம்பெல்லாம் புகை வாசனையோடு நின்ற ஆளையும், ஹால் டிக்கெட்டில் தலை படிய வாரியிருந்த ஆளையும் அவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு, "கையக் கழுவிட்டுப் போங்க. பேப்பர்ல கரி ஒட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். அம்மா கையை விரித்தபோது நானும் பார்த்தேன். இடது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வலது கையில் ஒன்றும் இல்லை. காய் எடுத்து எடுத்துத் தடித்த கை. அதற்குள் சூடு போகவில்லை.

இரண்டரை மணி நேரம் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். அம்மா எப்போது சாமியிலிருந்து அம்மாவாகத் திரும்பி வருவாள் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். சித்தப்பா எங்களுக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். சர்டிபிகேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மணி அடித்து வெளியே வந்த அம்மா எங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "லூயி வந்துட்டான்." இருபது மார்க் கேள்வி.

சாயங்காலம் வீரபாண்டியில் இறங்கி ராட்டினம் சுற்றினோம். ஜீப்புப் பெண்கள் ஆற்றங்கரையில் காத்திருந்தார்கள். கேள்வித்தாளை அம்மா வாசிக்க வாசிக்க, ஒவ்வொருத்தியும் தன் பங்கு வந்ததா என்று விசாரித்தாள். கஜானாக்காரி மூன்று தடவை கேட்டாள். எழுதினேன், அடிக்கோடும் போட்டேன் என்று அம்மா சொன்ன பிறகுதான் அவள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஐம்பத்திரண்டு மார்க். அதில் தனக்கு எத்தனை மார்க் என்று ஒரு வாரம் ஜீப்பில் சண்டை நடந்ததாம். அம்மா அடுத்த வருஷம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். சம்பளம் தோட்டக் கூலியைவிடக் குறைவு என்று சித்தப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, தங்கச்சிக்கு அ எழுதிக் கொடுத்தாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பித்தபோது சித்தப்பா கம்ப்யூட்டர் வைத்துக் கடை போட்டிருந்தார். என் விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். குடும்பத்தில் பட்டதாரி ஒருவரும் இல்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது.

"இல்லைன்னு போட்ருவோம் மதினி. தபால்ல வாங்குனது, எவனுக்குத் தெரியப்போகுது?"

"அப்ப நான் யாரு, கொழுந்தனாரே?" என்றாள் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. சித்தப்பா அந்தப் பக்கத்தை மூடினார். அடுத்த பக்கத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பி.ஏ. வரலாறு என்று அடித்தார். அடித்துவிட்டுத் திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார்.

எனக்கு ஒரு நாள் மனசு கொஞ்சம் கறுவிக்கொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் சரியாகிவிட்டது. முதல் வருஷப் பணத்தை அப்பாவின் ஸ்டோர்க் கூலியிலிருந்தும் அம்மா சாயங்காலங்களில் எடுத்த டியூஷனிலிருந்தும் சேர்த்துக் கல்லூரி ஜன்னலில் கட்டிவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்தபோதுதான், அந்த நாலாம் வகுப்புப் பையன் எதற்குத் தலையாட்டினான் என்பது எனக்கு விளங்கியது. தங்கச்சியைத் தூக்கிக்கொள்ளவா கேட்டாள்? எனக்கு வரவேண்டியதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அந்தக் கூட்டத்தில், தீச்சட்டிக்கு முன்னால் நின்று, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அந்தத் தள்ளுபடி வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம். நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்.